செங்கோட்டை மலைக்கு மீண்டும் ஒரு நீராவி இன்ஜின்: ஆசைக்கும் பாய்லருக்கும் இடையே

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குப் போகும் ரயிலில், மலையைப் பார்ப்பதற்கென்றே ஏறுகிறவர்கள் உண்டு. அவர்களில் மீட்டர் கேஜ் எனப்பட்ட பழைய குறுகிய பாதையின் காலத்தை அறிந்தவர்கள் பெட்டிக்குள் எழுப்பும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நீராவி இன்ஜின் ஏறுகிறதே, இந்த மலைக்கும் ஒன்றைக் கொண்டுவந்தால் என்ன? சீமையில் ஊர்க்காரர்களே கூடிப் பழைய இன்ஜினைப் பழுதுபார்த்து ஓட்டுகிறார்களாமே, நம் ஆட்களால் முடியாதா?

கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இன்ஜின் எங்கே கிடைக்கும், பணம் யார் தருவார் என்ற இரண்டையும்தான் தடையாக நினைக்கிறார்கள். ஸ்டேஷன் வாசல்களிலும் ரயில்வே அலுவலக வளாகங்களிலும் பெயின்ட் அடித்து நிறுத்தப்பட்ட இன்ஜின்கள் நாடெங்கும் உள்ளன. பணமும் எப்படியாவது புரளக்கூடியதே. நீராவி இன்ஜினைத் திரும்ப ஓடவைத்த இடங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தால், வேலையின் பெரும்பங்கு பாய்லர் என்ற ஒற்றைப் பொருளைச் சுற்றியே நடந்திருப்பதும், அதைச் செய்வதற்குப் பழகிய கைகள் இருந்த இடத்தில் மட்டுமே அது முடிந்திருப்பதும் தெரியவரும். நெல்லைச் சீமையில் வேகமாகக் குறைந்துவருவது அந்தக் கைகள்தான்.

இந்தப் பகுதிக்கும் நீராவிக்கும் இருந்த உறவு பழையது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மீட்டர் கேஜ் பாதையை 1876-இல் திறந்தது; மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்கு வரும் கிளையும் அப்போதே வந்தது. தாமிரபரணிக் கரையோடு மேற்கே போகும் பாதை 1902-இல் கல்லிடைக்குறிச்சி வரையும், 1903-இல் செங்கோட்டை வரையும் நீண்டது. 1904-இல் மலையைக் குடைந்து புனலூருடன் இணைத்தார்கள். மலைப்பாதை முடிவதற்கு முன்பே கொல்லம் – புனலூர் பகுதியில் வண்டி ஓட வேண்டியிருந்ததால், அதற்கான பாகங்கள் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொல்லத்தில் இறங்கி மாட்டுவண்டியில் போயின என்பது அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. திருச்செந்தூர்ப் பாதை 1923-இலும், விருதுநகரிலிருந்து தென்காசிக்கு வரும் பாதை 1927-இலும் சேர்ந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகு நாடு முழுவதும் மீட்டர் கேஜ் பாதைகளில் பரவியவை ஒய்பி, ஒய்ஜி என்ற இரண்டு வகை இன்ஜின்கள். பயணிகள் வண்டிக்கான ஒய்பி 1949 முதல் 1970 வரை 871 கட்டப்பட்டது. சரக்குக்கான ஒய்ஜி ஆயிரத்தைத் தாண்டியது. செங்கோட்டை மலையில் ஒரு இன்ஜின் முன்னால் இழுக்க இன்னொன்று பின்னால் தள்ளும். 1990-களில் நீராவி விடைபெற்று டீசல் வந்தது. பிறகு பாதையே மாறியது. விருதுநகர் – செங்கோட்டை 2004-இலும், திருநெல்வேலி – தென்காசி 2012-இலும் அகலப்பாதையாகத் திரும்பின. 2010-இல் மூடப்பட்ட செங்கோட்டை – புனலூர் மலைப்பகுதி 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தது. 1000 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செய்யப்பட்ட இன்ஜின் 1676 மில்லிமீட்டர் பாதையில் நிற்கவே முடியாது என்பதால், இந்தப் பகுதியில் ஓடிப் பழகிய எந்த மீட்டர் கேஜ் இன்ஜினும் இன்று இங்கே வந்தால் ஓடுவதற்கு ஓர் அடித் தண்டவாளம்கூட இல்லை. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் என்று மிஞ்சியிருப்பது நீலகிரி மலை ரயில் ஒன்றே.

தன்னார்வலர்கள் ரயில் ஓட்டும் வழக்கம் தொடங்கிய இடம் வேல்ஸில் உள்ள டாலிலின் பாதை. கல் குவாரிக்காகப் போடப்பட்ட அந்தச் சிறிய பாதையைத் தன் ஆயுள் வரை ஓட்டிவந்த உரிமையாளர் 1950-இல் இறந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் பர்மிங்ஹாமில் கூடிய ஆர்வலர்கள் ஒரு சங்கம் அமைத்து, 1951 மே மாதத்தில் வண்டியை ஓட்டினார்கள். அப்போது ஓடும் நிலையில் அங்கே இருந்தது 1866-இல் கட்டப்பட்ட ஒரே இன்ஜின். இந்த முன்னுதாரணத்தில் நாம் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு: அந்தப் பாதை மூடப்படுவதற்கு முன்பே, அதில் வேலை பார்த்தவர்கள் ஊரில் இருக்கும்போதே, அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பாதை, இன்ஜின், ஆள் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. குறைந்தது பணமும் கூடுதல் உழைப்பும்தான். பிரிட்டிஷ் ரயில்வே 1968-இல் நீராவியைக் கைவிட்ட பிறகு, வேல்ஸின் பாரி என்ற துறைமுக ஊரில் ஒரு பழைய இரும்பு வியாபாரியின் களத்தில் உடைபடக் காத்திருந்த இன்ஜின்களில் 213-ஐ ஆர்வலர்கள் விலைக்கு வாங்கி மீட்டார்கள். கடல் காற்றில் ஆண்டுக்கணக்கில் துருப்பிடித்தவை அவை. வாங்கியவர்களில் பலர் அவற்றை ஓடவைக்க இருபது, முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். சில இன்னும் ஓடவில்லை.

ஏன் இவ்வளவு காலம் என்பதைப் புரிந்துகொள்ளப் பாய்லருக்குள் போக வேண்டும்.

நீராவி இன்ஜினின் பாய்லர் வெளியிலிருந்து ஒரு நீண்ட உருளையாகத் தெரிகிறது. அதன் பின்பகுதிக்குள் நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸ் தனிப் பெட்டியாக அமர்ந்திருக்கிறது. இந்த உள்பெட்டிக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் குறுகிய இடைவெளி விட்டு அதில் தண்ணீர் நிற்கும்படி செய்திருப்பார்கள். நெருப்பின் வெப்பக் காற்று அங்கிருந்து வரிசை வரிசையான குழாய்களுக்குள் புகுந்து, சுற்றியுள்ள தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு, முன்பக்கப் புகைப்பெட்டி வழியாகப் புகைபோக்கிக்குப் போகிறது. ஒய்பி வகையின் வேலை அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ. உள்ளங்கை அளவுள்ள தகட்டின் மீது, அதாவது பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இடத்தின் மீது, ஒன்றரை டன் சுமை ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது இதன் கணக்கு. உருளை வடிவம் இந்தத் தள்ளலைத் தானே தாங்கும். ஃபயர்பாக்ஸின் தட்டையான பக்கங்கள் தாங்கா. எனவே உள்தகட்டையும் வெளித்தகட்டையும் ஸ்டே போல்ட்டுகள், சுருக்கமாக ஸ்டே, எனப்படும் நூற்றுக்கணக்கான தண்டுகள் குறுக்கே பிடித்து நிறுத்துகின்றன.

நெருப்புப் பக்கத் தகடு அதிகமாக விரியும். வெளித்தகடு குறைவாக விரியும். இன்ஜின் சூடேறும்போதும் ஆறும்போதும் இந்த வேறுபாட்டில் ஒவ்வொரு ஸ்டேயும் இம்மியளவு வளைந்து நிமிர்கிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்தால் ஒரு நாள் அது முறியும். முறிந்தது கண்ணுக்குத் தெரியாது என்பதால், ஸ்டேயின் வெளி முனையிலிருந்து நடுவே ஒரு நுண்துளை இட்டிருப்பார்கள். தண்டு விரிசல் விட்டால் அந்தத் துளை வழியே நீர் கசிந்து செய்தி சொல்லும். துளை அடைபட்டுப்போன பழைய பாய்லரில் சுத்தியல்தான் வழி. ஒருவர் ஃபயர்பாக்ஸுக்குள் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டேயின் தலையையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார். முழுதாக இருக்கும் ஸ்டே கணீரென்று ஒலிக்கும். முறிந்தது பொத்தென்று சத்தம் தரும். அவர் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்வார். தகட்டின் கனத்தை அளக்க இன்று மீயொலிக் கருவி வந்துவிட்டது; இந்தக் காதுக்கு மாற்று இன்னும் முழுமையாக வரவில்லை. எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் இந்த ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள முடியாது, பழகியவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே கற்க முடியும் என்பதால்தான் கைகளைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காட்சிக்கு நிறுத்தப்பட்ட இன்ஜின்களில் சேதம் வேறு மாதிரி. புகைபோக்கி வழியே மழை இறங்கிப் புகைப்பெட்டியின் அடியில் தேங்கி, அங்கே எஞ்சிய கரிச்சாம்பலுடன் சேர்ந்து தகட்டை அரித்திருக்கும். பித்தளை வால்வுகளும் அழுத்தமானிகளும் எப்போதோ களவு போயிருக்கும். பாய்லரின் மேலுறைக்கு அடியில் வெப்பம் வெளியேறாமல் இருக்கச் சுற்றியது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்றால், அதைப் பிரிக்கும் வேலையே உயிருக்கு உலை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆர்வக்கோளாறில் செய்யக்கூடிய காரியம் அல்ல அது. பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்த இன்ஜின், துருவேறி நிற்கும் இன்ஜினைவிட நல்ல நிலையில் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பெயின்ட் பல ஓட்டைகளை மூடும்.

குழாய்களையெல்லாம் உருவியெடுத்துப் புதியவற்றைப் போட்டு, முறிந்த ஸ்டேக்களை மாற்றி, மெலிந்த தகட்டை வெட்டிப் புதுத்தகட்டை வெல்டிங் செய்து முடித்த பிறகு பாய்லருக்குச் சோதனை. முதலில் குளிர்ந்த தண்ணீரால் முழுக்க நிரப்பி, பம்பு வைத்து வேலை அழுத்தத்தைவிட அதிகமாக, பல விதிமுறைகளில் ஒன்றரை மடங்கு வரை, அழுத்துகிறார்கள். நேராக நீராவியை ஏற்றிப் பார்க்காமல் ஏன் தண்ணீர்? குளிர்ந்த தண்ணீர் அழுத்தினாலும் ஏறக்குறையச் சுருங்காது; எங்காவது தகடு விட்டுப்போனால் கொஞ்சம் தண்ணீர் பீறிட்டதும் அழுத்தம் விழுந்துவிடும். வேலை அழுத்தத்தில் உள்ள பாய்லர் நீரோ ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் இருக்கும். அழுத்தம் திடீரென்று விலகினால் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் சாதாரணக் காற்றழுத்தத்தில் அதன் கன அளவு சுமார் 1600 மடங்கு ஆகும். பாய்லர் வெடிப்பின் கொடூரம் முழுதும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. நெருப்புக்கு நேர் மேலே உள்ள தகட்டில் ஈயம் நிரப்பிய ஒரு திருகாணி வைத்திருப்பதும் இதற்காகவே. இன்ஜின்களைப் பராமரிக்கும் ஷெட்டில் அதை லெட் பிளக் என்பார்கள். தண்ணீர் மட்டம் இறங்கித் தகடு வெளிப்பட்டால் முதலில் உருகுவது இந்த ஈயம். நீராவி நெருப்பின் மீது சீறிப் பாய்ந்து ஃபயர்மேனுக்கு எச்சரிக்கை கொடுக்கும்.

பாய்லருக்குக் கீழே உள்ள வேலைகள் கனமானவை என்றாலும் அவ்வளவு மர்மம் இல்லாதவை. பிஸ்டன் வளையங்கள், வால்வு, அச்சுகளைத் தாங்கும் வெள்ளீயக் கலப்புலோகத் தாங்கிகள் ஆகியவற்றை நல்ல கடைசல் பட்டறை வைத்திருப்பவர் வரைபடம் கொடுத்தால் செய்துவிடுவார். சக்கரத்தின் வேலை மட்டும் நம் ஊர்க்காரர்களுக்குப் பார்த்தவுடன் புரியும். இன்ஜின் சக்கரத்தின் விளிம்பு தனியான எஃகு வளையம். மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் சற்றுச் சிறிதாகக் கடைந்து, சுற்றிலும் நெருப்பு வைத்து விரியச்செய்து, சக்கரத்தின் மீது இறக்கி ஆறவிடுவார்கள். வறட்டி அடுக்கி மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்ட ஆசாரிகள் செய்ததும் இதையேதான்.

எல்லாம் முடிந்து நெருப்பு மூட்டும் நாளில் அவசரம் ஆகாது. எண்ணெயில் நனைத்த காட்டன் வேஸ்ட்டும் விறகும் வைத்து மெல்லிய தீயாகத் தொடங்கி, புதுப்பித்த பாய்லரை ஒரு நாள் முழுக்க மெதுவாகச் சூடேற்றுவார்கள். நீராவி உண்டாகும் வரை நெருப்புக்கு இழுவை இல்லை. ஓடும் இன்ஜினில் சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவிதான் புகைபோக்கி வழியே காற்றை இழுத்து நெருப்பைக் கொழுந்துவிடச் செய்யும். நிற்கும் இன்ஜினில் அதற்கென்று தனி நீராவிக் குழல் உண்டு. குளிர்ந்த இன்ஜினில் இரண்டுமே வேலை செய்யா என்பதால் ஆரம்பப் புகை ஃபயர்பாக்ஸ் கதவு வழியாகவே ஆட்களின் முகத்துக்கு வரும். புதிதாகப் பொருத்திய குழாய் முனைகளில் சில சொட்டும். சூடேறினால் அடைபடும் சொட்டு எது, அடைபடாத சொட்டு எது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

இந்தியாவில் இவ்வேலை நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1855-இல் லீட்ஸில் கட்டப்பட்ட ஃபேரி குயின் 1997-இல் திரும்ப ஓடியது. அதைப் போலவே 1855-இன் பிறப்பான, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் இஐஆர் 21 இன்ஜின் நூறு ஆண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றபின், பெரம்பூர்ப் பணிமனையில் புதுப்பிக்கப்பட்டு 2010-இல் சென்னையில் ஓடியது. திருச்சி பொன்மலைப் பணிமனை ஒருபடி மேலே போய், நீலகிரி மலைக்கான பல்சக்கர இன்ஜின்களை 2011 முதல் புதிதாகவே கட்டித் தந்தது. ஆனால் இவை அனைத்தும் ரயில்வே தன் சம்பள ஊழியர்களையும் தன் பணிமனையையும் கொண்டு செய்தவை. அதில் திறமைக் குறை எதுவும் இல்லை. தொடர்ச்சிக் குறை உண்டு. ஃபேரி குயினின் பாகங்கள் 2011-இல் திருடுபோயின. அதன் சுற்றுலா ஓட்டம் மீண்டும் தொடங்க 2017 ஆயிற்று. பணிமனையில் ஒரு ஃபோர்மேன் ஓய்வுபெற்றால் அவரோடு போய்விடும் அக்கறை, ஞாயிறுதோறும் வந்து எண்ணெய் போடும் முப்பது பேர் கொண்ட சங்கத்தில் அப்படிப் போய்விடாது. தன்னார்வலர்களால் ஆகும் பெரிய லாபம் கூலி மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்தில் லாபம் இந்தத் தொடர்ச்சிதான்.

நெல்லைப் பகுதிக்கு வந்தால், மலைப்பாதையில் நீராவி என்ற கனவைச் சற்றுத் தள்ளிவைக்க வேண்டும். அது இன்று அகலப்பாதை. மேலே மின்கம்பிகளும் வந்துவிட்டன. அன்றாடப் பயணிகள் வண்டிகளுக்கு நடுவே தன்னார்வலர்களுக்கு இடம் கேட்பது நடவாத காரியம். உலகில் தன்னார்வலர்கள் நடத்தும் பாதைகள் ஏறக்குறைய எல்லாமே முதன்மைப் பாதையிலிருந்து விலகிய தனிப் பாதைகள். கேஜ் மாற்றத்தின்போது ஓரிரண்டு கிலோமீட்டர் பழைய பாதையை, ஒரு ஷெட்டுடன் சேர்த்து, விட்டுவைத்திருக்கலாம். அகலப்பாதை வந்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மிச்சம் வைக்கக் கேட்கும் குரல் அப்போது ஊரில் வலுவாக எழவில்லை என்பதே என் எண்ணம்.

இனி போடுவதானால் குறுகிய தனிப் பாதைதான், அதற்குச் சிறிய இன்ஜின்தான். ஒய்பி வகையை எடுத்துக்கொண்டு தொடங்குவது, முதல் வீடு கட்டுகிறவர் கோபுரம் எழுப்பப் பார்ப்பதற்குச் சமம். தண்ணீரையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஆற்றுப் பாசனம் இல்லாத தேரிக்காட்டுப் பக்கத்துக் கிணற்று நீரை அப்படியே பாய்லரில் விட்டால் உப்பும் சுண்ணாம்பும் குழாய்களில் படிந்து, தகடு தன் வெப்பத்தை நீருக்குக் கொடுக்க முடியாமல் தானே காய்ந்து கெடும். சுத்திகரித்த நீரும், குறித்த இடைவெளியில் பாய்லரைத் திறந்து கழுவும் வாஷ் அவுட்டும் தவறக் கூடாது.

ஆட்கள் விஷயத்தில் இந்தப் பகுதிக்கு யாரும் கணக்கிடாத ஒரு வசதி உண்டு. ஷெட்டில் வேலை பார்த்த நீராவிக் கால ஃபிட்டர்களும் ஃபயர்மேன்களும் இன்று பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். 1990-களில் கடைசியாகச் சேர்ந்த இளையவர்களும் ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த வரிசையில், தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் பாய்லர் பராமரித்து ஓய்வுபெற்றவர்களும், புழுங்கல் அரிசி ஆலைகளில் உமி எரித்துப் பாய்லர் ஓட்டும் சான்றிதழ் பெற்ற அட்டெண்டன்ட்களும் இருக்கிறார்கள். அரிசி ஆலைப் பாய்லர் அதிர்வதில்லை, மேடு ஏறுவதில்லை; எனினும் தண்ணீர் மட்டக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்ற பழக்கம் அவர்களுக்கு உடம்பில் ஊறியது. பழைய ஷெட் ஆட்களில் சிலரையாவது இவர்களோடு ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சுத்தியலைக் கையில் கொடுப்பது, இன்ஜின் வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை. தள்ளிப்போட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்க மாட்டார்.

சட்டப் பக்கத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் சட்டமும், அதன் இடத்தில் 2025-இல் வந்த புதிய சட்டமும் ரயில்வேயின் கட்டுப்பாட்டில் உள்ள இன்ஜின் பாய்லர்களைத் தம் வரம்புக்கு வெளியே விட்டிருக்கின்றன. அவற்றை ரயில்வே தானே ஆய்வு செய்துகொள்கிறது. ஒரு சங்கமோ அறக்கட்டளையோ இன்ஜினைச் சொந்தமாக வாங்கிய நாளிலிருந்து அது மாநில பாய்லர் ஆய்வாளரின் பார்வைக்குள் வரும். அவர் கேட்கக்கூடியது தகட்டின் உலோகம் என்ன, யார் கட்டியது, எப்போது எந்தப் பகுதி மாற்றப்பட்டது என்ற வரலாறு. ரயில்வேயில் ஒவ்வொரு பாய்லருக்கும் தனி எண்ணும் பதிவேடும் இருந்தன. பழுதுபார்க்கும்போது ஒரு இன்ஜினின் பாய்லரை இன்னொன்றுக்கு மாற்றிப் பொருத்துவது சாதாரணம் என்பதால், இன்ஜினின் எண்ணை வைத்துப் பாய்லரின் வரலாற்றை அறிய முடியாது. இன்ஜின்கள் பழைய இரும்பாக எடை போட்டு ஏலம் போனபோது அந்தப் பதிவேடுகள் கூடவே போகவில்லை. ஆகவே காட்சிக்கு நிற்கும் ஏதேனும் ஒரு இன்ஜினைக் கேட்டு மனு எழுதுகிறவர்கள், பாய்லரில் பொறித்திருக்கும் எண்ணைப் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்குரிய பதிவேட்டையும் அதே மனுவில் கேட்க வேண்டும்.